மூட்டைக்கு முதுகு வலிக்குமா?

இதுவரை என் கதைகளில் நான் நான்கு பேரை லாரி ஏற்றிக் கொன்றிருக்கிறேன்.

முதலாமவன் ஒரு கதாநாயகியின் கணவன். அவன் போனால்தான் கதை மேலே நகரும் என்ற நிலை. இரண்டாமவன் ஒரு வட்டிக்கடைக்காரன். அவனைத் தண்டிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. மூன்றாவது ஒரு குழந்தை. அதற்காக வாசகிகள் பலர் என்னைத் திட்டிக் கடிதம் எழுதினார்கள். நாலாவது ஒரு கிழப் பிச்சைக்காரர். அவருக்காக யாரும் எழுதவில்லை.

நான்கு லாரிகளும் 'பேய் வேகத்தில்' வந்தன. நான்கு டிரைவர்களும் குடித்திருந்தார்கள். இது என் ஒருவனுடைய கற்பனை வறட்சி மட்டுமல்ல. நம் பத்திரிகைக் கதைகளைப் புரட்டிப் பாருங்கள். எமன் எருமையை விட்டு இறங்கி வெகு காலமாகிவிட்டது; இப்போது அவன் லாரியில்தான் வருகிறான். ஆசிரியனுக்கு ஒரு பாத்திரம் வேண்டாமென்று தோன்றியதோ இல்லையோ, எங்கிருந்தோ ஒரு லாரி புறப்பட்டுவிடுகிறது. அந்த லாரிக்கு முதலாளி கிடையாது. அதன்மேல் சுமை கிடையாது. அதற்கு ஊர் கிடையாது. அதன் அடியில் என்ன இருக்கிறது என்று எந்தக் கதாசிரியன் குனிந்து பார்த்தான்?

போன ஆனி மாதத்தில் நான் குனிந்து பார்த்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. "கதை எழுதுகிறவனுக்கு லாரிப் பட்டறையில் என்ன வேலை?" என்று கேட்கிறவர்கள் தாராளமாகப் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். ஆனால் அவர்களும் நாளைக்குத் தெருவில் இறங்கி நடக்கப் போகிறவர்கள்தான் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

என் அக்கா வீட்டுக்காரருக்குச் சிதம்பரத்துக்கு மாற்றலாகிவிட்டது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபது வருஷமாகச் சேர்ந்த சாமான்களை அண்ணாமலை நகருக்குக் கொண்டு போக வேண்டும். லாரி பேசி முடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் லாரி வைத்திருக்கிறார். நல்ல மனிதர்; படிப்பாளி; என் கதைகளைக்கூட விரும்பிப் படிக்கிறவர். அவர் கேட்ட வாடகையில் ஐநூறு ரூபாய் அடித்துப் பேசிக் குறைத்தேன். குறைத்துவிட்ட பெருமையை அக்காவிடம் சொல்லி ஒரு காப்பியும் வாங்கிக் குடித்தேன். இந்த ஐநூறு ரூபாயை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது திரும்பி வரும்.

கட்டில், பாத்திரங்கள், ஆட்டுக்கல், கூடத்தில் தொங்கிய ஊஞ்சல் பலகை எல்லாம் ஏறின. இடம் பற்றாமல் தேக்கு பீரோவும் புஸ்தக அலமாரியும் அடுத்த நடைக்கு என்று நின்றுவிட்டன. கூட ஆள் போக வேண்டுமே என்று நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். டிரைவருக்கு ஐம்பது வயசிருக்கும். கிளீனர் இருபது வயசுப் பையன்.

பழைய டவுனைத் தாண்டி, சிப்காட் ஆலைகளைக் கடந்து, தெற்கே போகிறோம். முதல் பத்து நிமிஷம் நான் சாலையைத் திட்டிக்கொண்டே வந்தேன். படித்தவர்களுக்கு இது ஒரு பழக்கம். எது குலுங்கினாலும் சர்க்கார்தான் காரணம். பிறகு புதிதாகத் தார் போட்ட பகுதி வந்தது. கண்ணாடி மாதிரிச் சாலை. அப்போதும் லாரி குதித்தது! பாலத்தின் இணைப்பில் ஒரு சின்ன மேடு. சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கிற்று. ஏறி இறங்கினால் சரி, அதோடு முடிய வேண்டும் அல்லவா? முடியவில்லை. மேடு பின்னால் போய் நூறு அடி தாண்டிய பிறகும் லாரியின் மூக்கு ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை என்று தலையாட்டிக்கொண்டே வந்தது, ஏதோ சங்கீதக் கச்சேரியில் உட்கார்ந்திருப்பது போல.

"என்னங்க இது, சாலை நன்றாகத்தானே இருக்கிறது?" என்றேன்.

"வண்டி அப்படித்தான் சார். பழகிப் போச்சு" என்றார் டிரைவர்.

ஆலப்பாக்கம் தாண்டி ஒரு கிராமத்துச் சந்திப்பு. சர்க்கார் கொடுத்த சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் சாலையைக் குறுக்கே கடந்தாள். டிரைவர் பார்த்துவிட்டார், நல்ல தூரத்திலேயே பார்த்துவிட்டார். பிரேக்கை மிதித்தார். லாரி முன்பக்கமாகக் குப்புறக் குனிந்தது, நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது. ஸ்டியரிங் அவர் கையில் துள்ளிற்று. சக்கரம் சாலையைப் பிடிக்கிறது, விடுகிறது, பிடிக்கிறது, விடுகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, அந்தப் பெண் ஒரு கை நீளத்தில் நின்று எங்களைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

டிரைவர் குடித்திருக்கவில்லை. வண்டி பேய் வேகத்தில் போகவில்லை. நாற்பது கிலோமீட்டர் வேகம்தான். என் ஐந்தாவது கொலை அன்று எழுதப்பட்டிருக்கும். அதை எழுதும்போது நான் என்ன எழுதியிருப்பேன்? 'பேய் வேகம்' என்றுதானே?

புதுச்சத்திரத்தில் டீக்கு நிறுத்தினோம். எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. கிளீனர் பையன் ஒன்றும் பேசாமல் முன்சக்கரத்தின் பக்கம் குந்தி உள்ளே கையை விட்டான். பிறகு அந்தப் பக்கம் போய் அங்கேயும் கையை விட்டான். என்னைக் கூப்பிட்டான்.

"இங்க தொட்டுப் பாருங்க சார். மெதுவா, மேலாப்பல."

வலது பக்கம் ஓர் உருளை. வெதுவெதுப்பாகச் சுட்டது. இடது பக்கத்து உருளை பக்கத்திலிருந்த சட்டத்து இரும்பைப் போலவே சில்லென்று இருந்தது. அதன்மேல் எண்ணெய் வழிந்து, புழுதி ஒட்டி, களிமண் பூசின மாதிரி இருந்தது.

"சுட்டா உயிரோட இருக்குன்னு அர்த்தம் சார். இது செத்துப் பூடுச்சி. ஆறு மாசம் ஆவுது."

மனித உடம்புக்கு நாம் சொல்லுகிற அதே லட்சணம்! கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன் நான். ஏன் சுட வேண்டும் என்று அந்தப் பையன்தான் எனக்குக் காட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த உருளைக்குப் பெயர் ஷாக் அப்ஸார்பர். பட்டறையில் சுருக்கமாக 'ஷாக்'. தமிழில் 'அதிர்ச்சி தாங்கி' என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் நான் சொல்லுகிறேன்: இந்தப் பெயரே பொய். எல்லாக் கேடும் இந்தப் பெயரிலிருந்துதான் ஆரம்பமாகிறது.

அதிர்ச்சியைத் தாங்குவது இதுவல்ல. அடியிலே அடுக்கடுக்காகக் கட்டியிருக்கிற வில் பட்டைகள்தான் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. பள்ளத்தில் விழுந்ததும் பட்டை வளைந்து அந்த அடியை வாங்கிக்கொள்கிறது. ஆனால் வாங்கினதை அது வைத்துக்கொள்வதில்லை. திருப்பிக் கொடுக்கிறது; மறுபடி வாங்குகிறது; மறுபடி கொடுக்கிறது. உங்கள் வீட்டுக் கூடத்து ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை உந்திவிட்டால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். நிற்க வேண்டுமென்றால் யாராவது காலைத் தரையில் ஊன்ற வேண்டும். அந்த ஊன்றுகிற கால்தான் இந்த உருளை. உள்ளே எண்ணெய், எண்ணெயில் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சின்னச் சின்னத் துவாரங்கள். லாரி துள்ளும்போதெல்லாம் எண்ணெய் அந்தத் துவாரங்களின் வழியே நெருக்கிப் பிழியப்படுகிறது. துள்ளலின் சக்தி சூடாக மாறிக் காற்றில் போய்விடுகிறது. ஆகையால், வேலை செய்கிற ஷாக் சுடும். வேலை செய்யாதது குளிர்ந்து கிடக்கும். சட்டத்து இரும்பும் அதுவும் ஒரே சூடென்றால் அது வெறும் அலங்காரம்.

இங்கிலாந்தில் இதே கருவியை 'டாம்ப்பர்' என்கிறார்கள். அடக்குவது என்று பொருள். அதுதான் யோக்கியமான பெயர். தமிழில் 'துள்ளல் அடக்கி' என்று வைத்திருந்தால் எத்தனையோ முதலாளிகளுக்குப் புத்தி வந்திருக்கும். 'அதிர்ச்சி தாங்கி' என்று வைத்ததனால் அவர்கள் என்ன நினைக்கிறார்கள்? 'இது உட்கார்ந்து போகிறவனுடைய சுகத்துக்கு' என்று நினைக்கிறார்கள்.

என் நண்பரும் அப்படித்தான் நினைத்தார். மறுநாள் கடலூருக்குத் திரும்பியதும் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"லாரிக்கு என்னத்துக்கு சார் சொகுசு? மூட்டைக்கு முதுகு வலிக்குமா?"

வாசலில் அவருடைய கார் நின்றது. இரண்டு மாதத்துக்கு முன் அதில் நாங்கள் இருவரும் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, "பின்னால் லேசாகச் சத்தம் வந்தது, வீட்டிலே அவங்களுக்கு இடுப்பு வலி வேறே; நாலு ஷாக்கையும் மாற்றிவிட்டேன்" என்று அவரே சொல்லியிருக்கிறார். காரில் நாலு! லாரியில் ஒன்றுக்கு வழியில்லை!

இது அவருடைய கண்டுபிடிப்பல்ல. நம் நாட்டின் பழைய ஏற்பாடு. நம் தாத்தா காலத்தில் வில்வண்டி என்று ஒன்று இருந்தது. பட்டையடித்த வில், மெத்தை, கூண்டு எல்லாம் அதற்கு உண்டு. அதில் மிராசுதார் போவார். அதே வீட்டில் கட்டைவண்டி ஒன்றும் இருக்கும், நெல்மூட்டை ஏற்ற. அதற்கு வில்லும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஓட்டுகிறவன் நுகத்தடிக்குப் பின்னால் ஏர்க்காலில் உட்கார்ந்து எலும்பு நோகப் போவான். அவன் முதுகும் மூட்டையின் கணக்கில் சேர்ந்தது. இப்போது வண்டி மாறிவிட்டது, கணக்கு மாறவில்லை.

டிரைவருடைய முதுகைப் பற்றியே நான் வாதாடலாம். உட்கார்ந்திருக்கும் மனிதனுடைய முதுகெலும்பு, வினாடிக்கு நாலிலிருந்து எட்டுத் தடவை வரையிலான மேலும் கீழுமான ஆட்டத்துக்குத்தான் மிக அதிகமாக இசைந்து கொடுக்கிறது என்று உடலியல்காரர்கள் கண்டு சொல்லியிருக்கிறார்கள். நாள் முழுதும் லாரியில் குலுங்குகிறவனுக்கு இடுப்பு போவது விதியல்ல, பௌதிகம். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று மத்திய சர்க்கார் விதி செய்தபோதும், "லாரிக்காரனுக்கு ஏ.சி.யா?" என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்கள் அதை ஏ.சி. அறையில் உட்கார்ந்துதான் சிரித்திருப்பார்கள்.

ஆனால் இன்று நான் டிரைவருக்காக வாதாட வரவில்லை. அவர் சுகத்தைப் பற்றி உங்களுக்குக் கவலையில்லாவிட்டால் போகட்டும். சைக்கிளில் போகிற பெண்ணுக்காக வாதாடுகிறேன். இந்த உருளையின் முக்கியமான வேலை சுகமே அல்ல; சக்கரத்தைச் சாலையோடு வைத்திருப்பது. பிரேக் லாரியை நிறுத்துகிறது என்று நாம் நினைக்கிறோம். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. லாரியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடி. டயர் துள்ளி மேலே இருக்கும் அந்தக் கணத்தில் பிடி ஏது? புது பிரேக் போட்டிருந்தாலும் பிரயோஜனமில்லை. சுமை குறைவாக இருந்தால் இன்னும் மோசம்; பத்து டன்னுக்காகச் செய்த விறைப்பான பட்டை, ஓர் ஊஞ்சல் பலகைக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வளையுமா? காலி லாரி அதிகமாகக் குதிப்பது அதனால்தான்.

சரி, எப்போது மாற்ற வேண்டும்? இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம். அப்படி ஓர் எண்ணை எல்லா லாரிக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. தேசிய நெடுஞ்சாலையிலேயே ஓடுகிற லாரியும், கரும்பு வயலுக்குள் இறங்கி வரப்பேறி நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற லாரியும் ஒரே கணக்கில் தேயுமா? எண் சொல்லாததை லாரியே சொல்லுகிறது. அதைக் கேட்கத்தான் ஆள் வேண்டும்.

மேடு ஏறி இறங்கினால் ஒரு தடவை அமுங்கி எழுந்து நிலைக்க வேண்டும். இரண்டு, மூன்று என்று ஆடினால் அது முதல் சாட்சி. பிரேக் போட்டால் மூக்குக் குத்துவதும், வளைவில் உடம்பு சாய்ந்து அசைவதும், பக்கத்தில் பஸ் போன காற்றுக்கே ஸ்டியரிங் அலைவதும் அடுத்த சாட்சிகள். டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தால், தேய்மானம் ஒரே சீராக இல்லாமல் கிண்ணம் கிண்ணமாகக் குழி விழுந்திருக்கும். துள்ளித் துள்ளித் தரையைக் கொத்தின தடம் அது. ஷாக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்தால் 'டக் டக்' என்று இரும்போடு இரும்பு பேசும். விளக்குகள் அடிக்கடி உயிர் விடும், மரையாணிகள் தாமாகக் கழலும், பட்டை முறியும். உருளையின் மேல் லேசான எண்ணெய்ப் பசை தெரிந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம். வழிந்து சொட்டினால் பயப்பட வேண்டும். கடைசியாக, அரை மணி நேரம் மேடுபள்ளத்தில் ஓட்டிவிட்டு, கிளீனர் பையன் செய்த கைப் பரீட்சை. இதற்கெல்லாம் யந்திரம் எதுவும் வேண்டாம். கண், கை, காது போதும். மாற்றினால் ஒரு அச்சின் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு காலில் புதுச் செருப்பும் மறு காலில் அறுந்த செருப்புமாக எவனால் நேராக நடக்க முடியும்?

இவ்வளவும் அந்த டிரைவருக்குத் தெரியாதா? தெரியும். ஆறு மாதத்துக்கு முன் முதலாளியிடம் சொல்லியும் இருக்கிறார். "பார்க்கலாம்" என்றாராம். இரண்டு தடவை சொன்னார்; மூன்றாவது தடவை சொல்லவில்லை. பிறகு அவருடைய உடம்பு அந்தத் துள்ளலைக் கற்றுக்கொண்டது. இந்த வியாதியின் விஷமம் அங்கேதான் இருக்கிறது. ஷாக் ஒரே நாளில் சாவதில்லை. சொட்டுச் சொட்டாகச் சாகிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது. நாள்தோறும் ஓட்டுகிறவனுக்கு மறந்தே போகும், ஒரு நாள் மாற்றி ஓட்ட வருகிறவன்தான், "என்னண்ணே, வண்டி இப்படி ஆடுது?" என்று கேட்பான்.

'பழகிப் போச்சு'! தமிழில் இதைவிடப் பயங்கரமான வார்த்தை எனக்குத் தெரியவில்லை. அதை நாம் பொறுமை என்கிறோம், சகிப்பு என்கிறோம், அனுபவம் என்கிறோம். கதைகளில் அதற்கு மாலை போட்டுக் கும்பிடுகிறோம், நானும் கும்பிட்டிருக்கிறேன். ஆனால் ஒரு மனிதனுக்குப் பழகிப் போனது, சக்கரத்துக்குப் பழகவில்லை, சாலைக்குப் பழகவில்லை, எதிரே வருகிற பெண்ணுக்கு அதைப் பழகிக்கொள்ள அவகாசமும் இல்லை.

"தகுதிச் சான்று இருக்கிறது, சார்" என்றார் நண்பர். இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவுப்படி வாங்கினது. எட்டு வயது வரை லாரிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. அதற்குமேல் வருஷா வருஷம். ஒரு நாள் பரீட்சைக்கு உடம்பைத் தேற்றிக்கொண்டு போகிற பையனைப் போல லாரியும் போய் வருகிறது. மிச்சம் முந்நூற்று அறுபத்து நாலு நாள்? அதற்கும் அதே சட்டம் ஒரு வழி சொல்லியிருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. 190-வது பிரிவு: ஆபத்தான பழுதுள்ள வண்டியை ஓட்டுகிறவன் மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவனும், ஓட்ட அனுமதிக்கிறவனும் குற்றவாளி. பழுது தெரிந்திருந்தால்தான் என்பதில்லை. சாதாரண கவனம் இருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும். 'எனக்குத் தெரியாது' என்பதைச் சட்டம் மன்னிப்பாக ஏற்கவில்லை. கையை நீட்டித் தொடாததே குற்றம் என்கிறது. ஒரு கிளீனர் பையன் டீக்கடை வாசலில் செய்ததைவிடப் பெரிய கவனத்தை அது நம்மிடம் கேட்கவில்லை.

2022-ஆம் வருஷம் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இது சர்க்கார் வெளியிட்ட கணக்கு. காரணம் என்ற கட்டத்தில் பெரும் பகுதி 'அதிவேகம்' என்பதில் விழுகிறது. வேகம் காரணமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. குடி காரணமில்லை என்றும் சொல்ல வரவில்லை. ஆனால் சாலையில் கிடக்கும் உடலுக்குப் பக்கத்தில் நின்று, நொறுங்கிய லாரியின் அடியில் கையை விட்டு, 'இது எப்போது செத்தது?' என்று கேட்பவர் எத்தனை பேர்? டிரைவர் கண்ணுக்கு எதிரே நிற்கிறான், அடிப்பதற்குச் சௌகரியம். முதலாளியின் 'பார்க்கலாம்' கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதலாளிக்கு மட்டும் ஏன் இவ்வளவு வசவு என்று கேட்பீர்கள். நியாயம். ஒரே ஒரு லாரியைக் கடனில் வாங்கி, தவணைக்கும் டீஸலுக்கும் டயருக்கும் நடுவே திண்டாடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஓட்டுகிறவனே முதலாளியாகவும் இருப்பான். அவன் எதைத் தள்ளிப் போடுவான்? டீஸல் இல்லாமல் வண்டி ஓடாது. டயர் இல்லாமல் ஓடாது. ஷாக் இல்லாமல் ஓடும்! ஆகவே அதைத் தள்ளிப் போடுவான். ஒரு புது டயரின் விலைக்கு முன்னால் ஷாக்கின் விலை சில்லறைதான். செத்த ஷாக் அந்த டயரையே தின்றுவிடும் என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சில்லறை அன்றைக்குக் கையில் இருக்க வேண்டுமே! அந்தச் சில்லறையை அவன் கையிலிருந்து பிடுங்கினவன் யார்?

இப்போது அந்த ஐநூறு ரூபாய் திரும்பி வருகிறது. அதைப் பிடுங்கினவன் நான்தான். நம்மில் எவன் லாரி பேசும்போது, 'வண்டி எப்படி இருக்கிறது?' என்று கேட்டான்? 'எவ்வளவு குறைப்பாய்?' என்றுதானே கேட்டோம்? பத்து ரூபாய்க் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குகிறோம். ஊரின் உயிரை ஏற்றிச் செல்லும் வண்டியைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

அன்று நாங்கள் சிதம்பரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆனித் திருமஞ்சனத்துக்கு முந்தின நாள். தேர் ஓடிக்கொண்டிருந்தது. லாரியை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நான் கீழ வீதிக்கு நடந்தேன். ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடிக்கிறார்கள். ஐந்து தேர், நடராஜருடைய தேர் மலை போல அசைந்து வருகிறது. எல்லோருடைய கண்ணும் மேலே. என் கண் மட்டும் அன்று கீழே போயிற்று. சக்கரத்தின் பக்கத்தில் சில மனிதர்கள் குனிந்தபடியே கூட நடக்கிறார்கள். கையில் முட்டுக்கட்டை. தேர் மிஞ்சும்போது சக்கரத்தின் அடியில் அதைக் கொடுக்கிறார்கள். திரும்ப வேண்டும்போது கொடுக்கிறார்கள். வடத்தை விட்டுவிட்டால் தேர் நிற்கும், அவ்வளவுதான். முட்டுக்கட்டை தவறினால் தேர் ஜனங்கள்மேல் போகும். ஆனால் நம் பாஷையில் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்பது வசை! ஓட வைப்பவனுக்கு மரியாதை. அடக்கி வைப்பவனுக்கு வசவு. தேரோடு நடக்கிற அந்த மனிதர்களுக்கோ தங்கள் வேலை இன்னதென்று தெரியும். கட்டை தேய்ந்தால் அடுத்த கட்டையை எடுத்துக்கொள்கிறார்கள். 'பழகிப் போச்சு' என்று தேய்ந்ததையே வைத்துக்கொண்டு நிற்பதில்லை.

நண்பர் மனசு கேட்காமல் கடைசியில் ஒரு ஷாக் மாற்றினார். ஒன்றே ஒன்று, செத்துப்போன இடது பக்கத்தது மட்டும். இரண்டையும் மாற்றச் சொன்னேன். "அது இன்னும் சுடுகிறதே, நீங்களே தொட்டுப் பார்த்தீர்களே!" என்று என்னையே மடக்கினார். "உயிரோடு இருக்கிறது என்றுதான் சொன்னேன், வாலிபமாக இருக்கிறது என்று சொல்லவில்லையே!" என்றேன். நான் குறைத்துப் பேசின ஐநூறு ரூபாயை மேஜைமேல் வைத்தேன். அது தர்மமல்ல, பாக்கி. அவர் அதைத் தொடவில்லை. "நீங்க கதை எழுதறதோட நிறுத்திக்கலாம் சார்" என்றார்.

நிறுத்திக்கொள்வதாக இல்லை. அக்காவின் தேக்கு பீரோவும் புஸ்தக அலமாரியும் இன்னும் மஞ்சக்குப்பத்து வீட்டிலேயே கிடக்கின்றன. அக்கா தினமும் டெலிபோனில் கோபித்துக்கொள்கிறாள். இரண்டு பக்கமும் மாற்றாத லாரியில் அவை ஏறாது.

நீங்கள் பீரோ ஏற்ற வேண்டாம். பட்டறைக்குப் போக வேண்டாம். நாளைக்குக் காலையில் பால் வாங்கவோ, பேப்பர் வாங்கவோ தெருமுனைக்குப் போவீர்கள் அல்லவா? அங்கே வேகத்தடை ஒன்று இருக்கும். ஒரு லாரி அதன்மேல் ஏறி இறங்கும்போது நின்று பாருங்கள். அதன் மூக்கு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணுங்கள். ஒன்றென்றால் வழி விட்டு நில்லுங்கள். மூன்றென்றால், அதைக் கை காட்டி நிறுத்தி, டிரைவரிடம் முதலாளியின் பெயரைக் கேளுங்கள். டிரைவரைத் திட்ட வேண்டாம். அவர் சொல்ல வேண்டியதை ஏற்கனவே இரண்டு தடவை சொல்லிவிட்டார்.